ஹிப்ஹாப் தமிழா ஆல்பங்கள்: கடைசியில் இருந்து முதல் இடம் வரை

ஹாஸ்டல்ல, காலேஜ் பஸ்ல, கேன்டீன்ல ஓயாம நடக்கற ஒரு சண்டையை இந்த இதழ்ல பாடமாவே எடுத்துடலாம். ஹிப்ஹாப் தமிழா ஆதி, ஜீவா ரெண்டு பேரோட ஆல்பங்கள்ல எது டாப், எது டல்?

"இதெல்லாம் அவங்கவங்க டேஸ்ட் ப்ரோ"ன்னு சொல்லி யார் வேணா தப்பிச்சுக்கலாம். ஆனா ஏன் பிடிக்குதுன்னு சொல்லத் தெரியாத டேஸ்ட், யூனிட் போடாம எழுதின விடை மாதிரி. அதனால முதல்ல அளவுகோல், அப்புறம் லிஸ்ட்.

மார்க் எப்படிப் போடறது?

ஐந்து விஷயம். ஒவ்வொண்ணுக்கும் 10-க்கு மார்க். ஆனா வெயிட்டேஜ் வேற வேற.

1. சொல் (30%): வரி என்ன சொல்லுது? அதை நேர்மையா சொல்லுதா?
2. ஃப்ளோ (25%): சொல் தாளத்துல உட்காருதா, இல்ல திணிச்சிருக்காங்களா?
3. ஒருமை (20%): முழு ஆல்பமும் ஒரே ஆல்பமா கேட்குதா, இல்ல தனித்தனிப் பாட்டுக் குவியலா?
4. மறுபடி கேட்கறது (15%): இன்னைக்கும் பிளேலிஸ்ட்ல இருக்கா?
5. புதுமை (10%): வந்த வருஷத்துல அது புதுசா?

ஃப்ளோவைப் பத்தி மட்டும் கொஞ்சம் விளக்கணும். நெசவு ஊர்ல படிக்கறோம், அதனால இப்படிச் சொல்றேன். பீட் பாவு மாதிரி, நேரா இழுத்துக் கட்டியிருக்கும். சொல் ஊடை மாதிரி, குறுக்கே ஓடும். ரெண்டும் சரியா பின்னினாதான் துணி. தமிழ்ல இதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம எழுத்துத் தமிழ் வார்த்தைகள் நீளம். "போய்க்கொண்டிருக்கிறேன்" 6 சிலபிள். பேசும்போது வர்ற "போயிட்ருக்கேன்" 4 தான். ராப்ல பேச்சுத்தமிழ் அதிகமா வர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

இன்னொண்ணு ரைம். இங்கிலீஷ் ராப்ல வரிக் கடைசி ஒலி ஒத்துப்போகணும். அதுக்கு நம்ம இலக்கணத்துல இயைபுன்னு பேர். தமிழ்ல அதோட எதுகையும் இருக்கு: முதல் எழுத்தோட அளவு ஒத்து, ரெண்டாவது எழுத்து ஒண்ணா வரணும். பட்டு, கட்டு, தட்டு. தறி, வெறி, பொறி. மோனைன்னா முதல் எழுத்தே ஒத்துவரணும். பத்தாம் வகுப்புல ரெண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணின அதே எதுகை மோனைதான். நல்ல தமிழ் ராப் இந்த மூணையும் கலந்து அடிக்கும். இதைத் தெரிஞ்சுகிட்டு கேட்டுப் பாருங்க, அதே பாட்டு வேற மாதிரி கேட்கும்.

தனிப்பாட்டுகளை இதுல சேர்க்கல. ஜல்லிக்கட்டைப் பத்தின "டக்கரு டக்கரு" லிஸ்ட்ல இல்லாததுக்குக் காரணம் அதுதான். அனிருத் இசையில ஆதி பாடின "எதிர்நீச்சல்" மாதிரிப் பாட்டுகளும் கிடையாது. சினிமா ஆல்பம் எல்லாத்தையும் எடுக்காம, நாம அதிகம் சண்டை போடற எட்டை மட்டும் எடுத்திருக்கேன்.

8. நான் சிரித்தால் (2020): 48
சொல் 4, ஃப்ளோ 6, ஒருமை 4, மறுபடி 6, புதுமை 4

கவலை வந்தா அழுகைக்குப் பதிலா சிரிப்பு வர்ற ஹீரோ. "கெக்க பெக்க"ங்கற குறும்படத்தை ராணா பெரிய படமா எடுத்தார். இந்த ஐடியாவுல ராப்புக்கு எவ்ளோ இடம் இருக்குன்னு யோசிங்க. சிரிப்பையே தாளமாக்கி, உள்ளே இருக்கற வலியை வரியில சொல்லியிருக்கலாம். ஆனா மனசுல நிக்கறது "பிரேக்கப் சாங்" மட்டும்தான். அது நல்லா ஆட வைக்கும், மறுக்கல. பழைய வெற்றிகளோட ஃபார்முலாவைத் திரும்ப ஓட்டின மாதிரி இருக்கறதால கடைசி இடம்.

7. சிவகுமாரின் சபதம் (2021): 51.5
சொல் 5, ஃப்ளோ 6, ஒருமை 5, மறுபடி 5, புதுமை 4

இங்கதான் சண்டை வரும்னு தெரியும். நம்ம ஊர்ப் படம். காஞ்சிபுரம் பட்டு நெசவுக் குடும்பத்துக் கதை. பேரே கல்கியோட "சிவகாமியின் சபதம்" நாவலைத் தொட்டு வெச்சது. அந்த நாவலும் பல்லவர் காலத்துக் காஞ்சியில நடக்கற கதைதான். ஆதியே எழுதி, இயக்கி, நடிச்சு, இசையும் போட்டார்.

ஆனா ஆல்பத்தைத் தனியா கேட்டுட்டு கண்ணை மூடிப் பாருங்க. என்ன ஞாபகம் வருது? "சிவகுமார் பொண்டாட்டி". ஜாலியான பாட்டுதான். அது எந்த ஊர் பையனுக்கும் பொருந்தும். பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு சாயங்காலம் நடந்தாலே கிடைக்கற சங்கதி எவ்ளோ! கோர்வைப் புடவைக்கு மூணு நாடா. உடம்பையும் கரையையும் தனித்தனி நிறத்துல நெஞ்சு, நெய்யும்போதே கோத்துக்கிட்டு வரணும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள பக்கத்துல இன்னொரு ஆள் உட்காரணும். பட்டு நூல் கர்நாடகாவுல இருந்து வருது, சரிகை சூரத்துல இருந்து வருது, உழைப்பு மட்டும் முழுசா இங்க. நம்ம வகுப்புலயே தறி வெச்ச வீட்டுப் பிள்ளைங்க இருக்காங்க. அவங்க தறியை விட்டுட்டு ஏன் இன்ஜினியரிங் வந்தாங்கங்கறது ஒரு முழு ஆல்பத்துக்கான விஷயம்.

நம்ம ஊர்ங்கறதுக்காக மேல தூக்கி வெச்சா, "நம்ம ஊருக்கு இது போதும்"னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். போதாது. அதனாலதான் ஏழாவது.

6. ஆம்பள (2015): 58
சொல் 5, ஃப்ளோ 6, ஒருமை 5, மறுபடி 8, புதுமை 6

இசையமைப்பாளரா ஹிப்ஹாப் தமிழாவோட முதல் படம். அந்தப் பொங்கலுக்கு சுந்தர்.சி படம், விஷால் ஹீரோ. "பழகிக்கலாம்" இன்னைக்கும் கல்ச்சுரல்ஸ்ல போட்டா கூட்டம் எழுந்து நிக்கும். "மெட்ராஸ் டு மதுரை"க்கு விஷால் தத்லானியோட குரல். இன்டிபென்டன்ட்டா ராப் பண்ணின பசங்க மசாலாப் படத்துக்குள்ள எப்படி நுழையணும்னு கத்துக்கிட்ட ஆல்பம் இது. கமர்ஷியலா பாஸ். சொல்லறதுக்கு ஒரு விஷயம் இருந்துச்சான்னு கேட்டா, பெருசா இல்ல.

5. நா ஒரு ஏலியன் (2020): 62
சொல் 7, ஃப்ளோ 6, ஒருமை 7, மறுபடி 4, புதுமை 6

கொரோனா வருஷத்துல வந்த இன்டிபென்டன்ட் ஆல்பம். ஹீரோ இல்ல, டூயட் இல்ல, இன்டர்வெல் இல்ல. ஆதி என்ன யோசிக்கறாரோ அது மட்டும். "நெட்ட தொறந்தா" நாம ஃபோன்ல கழிக்கற வாழ்க்கையைத் தோலுரிக்கற பாட்டு. சொல்லுக்கு 7 குடுத்தது இதுக்காகத்தான். ஆனா சில இடத்துல பாட்டு கேட்கறதை விட அண்ணன் அட்வைஸ் பண்ற மாதிரி இருக்கு. ஒரு தடவை கேட்டுத் தலையாட்டுவோம். பத்தாவது தடவை கேட்போமா? அதனாலதான் "மறுபடி"க்கு 4.

4. நட்பே துணை (2019): 64.5
சொல் 6, ஃப்ளோ 7, ஒருமை 6, மறுபடி 8, புதுமை 5

ஹாக்கிப் படம். "கேரளா சாங்" காலேஜ் டூர் பஸ்ல ஓடாம இருந்ததே இல்ல. "சிங்கிள் பசங்க"ல கானா வாசனையை ராப்போட சேர்த்தது புத்திசாலித்தனம். ரெண்டுமே தெருவுல இருந்து வந்த கலை. கானா வட சென்னைத் தெரு, ஹிப் ஹாப் நியூயார்க்கோட பிராங்க்ஸ் தெரு. அதனால ரெண்டும் ஒட்ட வெச்ச மாதிரி இல்லாம பின்னின மாதிரி கேட்குது. "வீதிக்கோர் ஜாதி" மாதிரி கனமான பாட்டும் இதே ஆல்பத்துலதான். கொண்டாட்டமும் கோபமும் ஒண்ணா சேராம தனித்தனியா நிக்கறதால ஒருமையில மார்க் போச்சு.

3. ஹிப் ஹாப் தமிழன் (2012): 73.5
சொல் 7, ஃப்ளோ 8, ஒருமை 6, மறுபடி 7, புதுமை 10

இந்தியாவுல வந்த முதல் தமிழ் ஹிப் ஹாப் ஆல்பம்னு பரவலா சொல்றாங்க. தமிழ் ராப்போட வரலாறு இங்க ஆரம்பிக்கல. மலேசியாவுல யோகி பி & நட்சத்ரா 2006-லயே "வல்லவன்" ஆல்பம் போட்டு, "மடை திறந்து"வை உலகத் தமிழர் எல்லார் காதுக்கும் கொண்டுபோயிட்டாங்க. ஆனா தமிழ்நாட்டுல, சினிமா இல்லாம, ஒரு கோயம்புத்தூர் பையன் ராப்பை வெச்சே ஆளாக முடியும்னு காட்டினது இந்த ஆல்பம்தான். புதுமைக்கு முழு 10.

"கிளப்புல மப்புல" பத்திப் பேசாம போக முடியாது. பெரிய ஹிட். குடிக்கற பொண்ணுங்களைக் குறை சொல்ற பாட்டுங்கற விமர்சனமும் கூடவே வந்துச்சு. அந்த விமர்சனம் நியாயம். குடிக்கற பசங்களுக்குப் பார்ட்டி சாங், குடிக்கற பொண்ணுக்கு அட்வைஸ்னா அது என்ன கணக்கு? இந்த மாதிரிப் பாட்டுக்கு மார்க் போடும்போது ஒரு ரூல் வெச்சுக்கோங்க: ஃப்ளோவுக்குத் தனி, சொல்லுக்குத் தனி. ஃப்ளோ நல்லா இருக்குன்னு வரியை மன்னிக்க வேண்டாம். வரி பிடிக்கலன்னு ஃப்ளோவை மறுக்கவும் வேண்டாம்.

2. மீசைய முறுக்கு (2017): 77.5
சொல் 8, ஃப்ளோ 7, ஒருமை 9, மறுபடி 8, புதுமை 6

இன்ஜினியரிங் படிச்ச பையன், மியூசிக்தான் வாழ்க்கைன்னு சென்னைக்குக் கிளம்பற கதை. ஆதி தன் வாழ்க்கையில இருந்தே எடுத்தது. அப்பாவா விவேக். "அடியே சக்கரகட்டி" காதலுக்கு, "மச்சி எங்களுக்கெல்லாம்" நட்புக்கு, முன்னாடியே தனியா ஹிட்டான "வாடி புள்ள வாடி"யும் கதைக்குள்ள சரியா உட்கார்ந்துச்சு. வரிசையா கேட்டா ஒருத்தனோட காலேஜ் வாழ்க்கை முழுசா ஓடும். பிளேஸ்மென்ட் சீசன்ல இதைக் கேட்டுப் பாருங்க, வேற லெவல்ல குத்தும்.

1. தனி ஒருவன் (2015): 82.5
சொல் 8, ஃப்ளோ 8, ஒருமை 9, மறுபடி 9, புதுமை 7

மோகன் ராஜா படம். "தீமை தான் வெல்லும்" ஒண்ணு போதும். ஹீரோ இன்ட்ரோ சாங் பழகின நமக்கு, வில்லனோட வாதத்தைப் பாட்டா குடுத்தாங்க, அதுல அரவிந்த்சாமியோட குரலும் வருது. ராப்போட அடிப்படை வேலையே வாதாடறதுதானே? இங்க அது கதைக்கே வேலை செய்யுது. "கண்ணால கண்ணால" மெலடி, "காதல் கிரிக்கெட்" குறும்பு, "ஆசை பேராசை" இருட்டு. மூட் மாறுது, ஆனா ஒரே ஆல்பம்ங்கற உணர்வு மாறல. கோர்வை மாதிரி, நிறம் வேற வேற, இழை அறுபடல. தெலுங்குல "துருவா"ன்னு எடுத்தப்பவும் இவங்களையே இசைக்குக் கூப்பிட்டாங்க.

இப்போ லிஸ்ட்டை உடைச்சுப் பாருங்க

எந்த மாடலா இருந்தாலும் சென்சிட்டிவிட்டி டெஸ்ட் பண்ணணும் இல்லையா? வெயிட்டேஜை மாத்துங்க. புதுமைக்கு 40, சொல்லுக்கும் ஃப்ளோவுக்கும் 20, மத்த ரெண்டுக்கும் 10. இப்போ "தனி ஒருவன்" 78, "மீசைய முறுக்கு" 71, "ஹிப் ஹாப் தமிழன்" 83. மூணாவது முதல் இடத்துக்கு வந்துடுச்சு! ஆல்பம் மாறல, நாம எதை முக்கியம்னு நினைக்கறோமோ அது மாறிச்சு. கேன்டீன் சண்டை முக்காவாசி ஆல்பத்தைப் பத்தினது இல்ல, இந்த வெயிட்டேஜைப் பத்தினதுதான். அடுத்த தடவை "உன் டேஸ்ட் மோசம்"னு ஆரம்பிக்காம, "நீ எதுக்கு எவ்ளோ வெயிட்டேஜ் குடுக்கற?"ன்னு கேளுங்க. சண்டை உரையாடலா மாறும்.

நான் சொல்லுக்கு 30 குடுத்ததுக்குக் காரணம் இருக்கு. நம்மள்ல நிறைய பேர் இங்கிலீஷ் மீடியம். தமிழ் நமக்கு ஒரு பேப்பர், ஒரு மார்க். அந்த மொழியில கோபப்படலாம், கிண்டலடிக்கலாம், வாதாடலாம்னு காட்டினது ராப். அதனால சொல் நல்லா இல்லன்னா பீட் எவ்ளோ அடிச்சாலும் எனக்குப் பத்தாது.

உங்களுக்கு ஹோம்வொர்க்: இந்த எட்டுக்கும் உங்க வெயிட்டேஜைப் போட்டு லிஸ்ட் அனுப்புங்க. அப்படியே 16 பார்ல நம்ம ஊரைப் பத்தி ஒரு ராப். பிள்ளையார்பாளையம் பசங்க, பொண்ணுங்க எழுதினா அடுத்த இதழ்ல முதல் பக்கம் கேட்டு நானே எடிட்டர்கிட்ட சண்டை போடறேன். ஏழாவது இடம் இன்னும் காலியாதான் இருக்குன்னு நினைச்சுக்கோங்க.