பல்லி முட்டையும் அப்பத்தாவின் காவலும்

வீட்டுச் சுவரில் பல்லியைக் காணாதவர் நம்மில் எவரும் இலர். அதன் முட்டையைக் கண்டவரோ சிலரே. விலங்கியல் மாணவனாகிய நானே 2024 பிப்ரவரி 4ஆம் நாள்தான் முதன்முதலாகக் கண்டேன். பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கியபோது பழைய தாள்களுக்கிடையே இரண்டு வெள்ளை முட்டைகள். கொண்டைக்கடலையை விடச் சற்றுப் பெரியவை. தாளை எடுத்ததும் ஒன்று உருண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. இரவில் டார்ச் ஒளியில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் செந்நிற நரம்புகள் தெரிந்தன. உயிர் இருந்தது!

ஹார்லிக்ஸ் புட்டியில் பஞ்சிட்டு, முட்டைகளின் மேற்புறத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அசையாமல் வைத்தேன். மூடியில் ஆணியால் துளைகள் இட்டேன். ஓணான் முட்டையின் தோல் மெத்தென்றிருக்கும். ஈர மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி வளரும். வீட்டுப்பல்லி முட்டைக்கோ சுண்ணாம்பு ஓடு, நனைக்கவே வேண்டியதில்லை. வெப்பத்தைப் பொறுத்து 45 முதல் 60 நாளில் பொரியும்.

மார்ச் 11ஆம் நாள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் செல்ல வேண்டியதாயிற்று. அம்மாவும் அப்பாவும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவர். வீட்டில் இருப்பவர் அப்பத்தா ஒருவரே. முழுத்தாள் ஒன்றில் எட்டு விதிகளை வரிசையாக எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்; அந்த மிதப்பு இப்படியெல்லாம் வேலை செய்கிறது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, புட்டியுடன் அருகில் அமர்ந்தேன்.

அப்பத்தா ஐம்பது ஆண்டுகளாகக் கோழி வளர்ப்பவர். சிக்கலும் அங்கேதான். "பொரட்டி விடாம எப்படிடா பொரிக்கும்?" என்றார். கோழி முட்டையில் மஞ்சள் கருவை இருபுறமும் முறுக்கிய இழைகள் தாங்கி நிற்கின்றன; புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிவிடும். பல்லி முட்டையில் அவ்விழைகள் இல்லை. இட்ட சில நாளிலேயே கரு மேற்புறத்தில் பற்றிக்கொள்ளும். பிறகு புரட்டினால் கரு இறந்துவிடக்கூடும். இதை எப்படிச் சொல்வது? "தூளியிலே தூங்குற பிள்ளையைக் கவுத்துப் போடுவியா அப்பத்தா? புள்ளி மேலேயே இருக்கணும்" என்றேன். புரிந்துகொண்டார்.

எறும்புக்கு என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே புட்டியை வைத்து, வெயில் படாத மூலைக்குத் தாமே நகர்த்தினார். பொரித்ததும் தீனி வேண்டாம் என்பதை மட்டும் இருமுறை சொன்னேன். குஞ்சின் வயிற்றில் கருவுணவு மீதமிருக்கும். முதல் தோலை உரித்து, பெரும்பாலும் அதையே தின்றுவிடும். மூடியைத் திறந்து சுவரோரம் சாய்த்தால் போதும்.

17ஆம் நாள் மாலை திரும்பினேன். சுவரில் பால் கணக்குப் போல ஏழு சுண்ணாம்புக் கோடுகள். ஐந்தாம் கோட்டருகே மஞ்சள் பொட்டு. அன்றுதான் ஒன்று பொரித்ததாம்; நான் கண்டெடுத்த நாளிலிருந்து 41ஆம் நாள். விளக்கடியில் விட்டதும் தூணில் ஏறிவிட்டதாம். வெற்றோட்டை எடுத்துப் பார்த்தேன். முட்டையை உடைக்க ஓணான் குஞ்சுக்கு ஒரு பல். பல்லிக் குஞ்சுக்கு இரண்டு. உடைந்த ஓரத்தில் பல் பட்ட தடம் தெரியுமா என்று லென்ஸ் வைத்துத் தேடினேன், தெரியவில்லை.

மற்றொன்று அப்படியே கிடந்தது. புள்ளி மேலேயே இருந்தது. டார்ச் ஒளியில் நரம்புகள் இல்லை. உள்ளே ஒரே கருமை. "நான் தொடவே இல்லய்யா" என்றார் அப்பத்தா, நான் கேட்காமலேயே. முதல்நாள் உருண்டு என் கையில் விழுந்தது அந்த முட்டையாக இருக்கலாம். எது மேற்புறம் என்று அறியாமலேயே நான் புள்ளி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன்.

அப்பத்தா புட்டியை வாங்கிக்கொண்டார். கோழிக்கும் கடைசி முட்டை பிந்தித்தான் பொரிக்கும் என்று கூறி, தட்டில் புதுத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் காலை சுவரில் எட்டாம் கோடு இருந்தது.