பாதி இரத்தம் என்னும் பிழை

பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டிலைச் சூழ்ந்து நிற்கும் உறவினர், மூக்கு தாத்தாவினுடையது, நெற்றி அத்தையினுடையது என்று பங்கு பிரித்துக் கொண்டிருக்கையில், "அப்பன் இரத்தம் பாதி, ஆத்தாள் இரத்தம் பாதி" என்று ஒரு பெரியவர் முடிவு கட்டுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். அன்பின் மிகுதியால் எழும் வார்த்தை அது. ஆயினும் தந்தையின் இரத்தத்தில் ஒரு துளியேனும் சிசுவின் உடலிற் சேர்வதில்லை. சேர்வன குரோமோசோம்கள் என்னும் நுண்ணிய இழைகளே. மனிதனின் சாதாரண உடலணுவில் அவை 46. 1956-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து லுண்ட் நகரிலிருந்து ஜோ ஹின் ஜியோ, ஆல்பர்ட் லெவான் என்னும் இருவர் திருத்தி அறிவிக்கும் வரை 48 என்றே அறிஞர்களும் நம்பியிருந்தனர். விந்தணுவிலும் கருமுட்டையிலும் 23. இவ்வாறு பாதியாக்கும் கிரியையே குன்றல் பகுப்பு.

இதில் அணு இருமுறை பிரிவதால் கால் பங்கன்றோ எஞ்ச வேண்டும் என்று மாணவர் மயங்குவர். பிரிவதற்கு முன்னரே ஒவ்வோர் இழையும் தன்னைப் போன்ற பிரதியொன்றை உண்டாக்கி ஒட்டவைத்துக்கொள்கிறது; முதற் பிரிவில் ஜோடிகள் விலகுகின்றன, இரண்டாவதில் பிரதிகள் விலகுகின்றன, அவ்வளவே.

வெங்காயத்தின் மலராத மொட்டிலிருந்து மகரந்தப்பையைக் கிள்ளியெடுத்து, அசிட்டோகார்மைன் சாயமிட்டு, கண்ணாடித் தகட்டில் வைத்து மெல்ல நசுக்கி நுண்ணோக்கியில் நோக்குவோர்க்கு, செந்நிறமேறிய 16 இழைகளும் எட்டு ஜோடிகளாகத் தழுவி, ஆங்காங்கே சிலுவைபோற் குறுக்கிட்டு நிற்கும் காட்சி கிட்டும். தாய்வழி இழையும் தந்தைவழி இழையும் அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு மீண்டும் ஒட்டிய இடங்கள் அக்குறுக்குகள் என்று பெல்ஜியத்தின் யான்சென்ஸ் 1909-இல் ஊகித்தார்; அவ்வூகம் பின்னர் மெய்யாயிற்று. ஆகவே தாத்தா பாட்டியர் நால்வரும் சரிசமமாகக் கால் பங்கு தருகின்றனர் என்பது சராசரிக் கணக்கேயன்றி, தனியொரு குழந்தைக்கு அளந்து வைத்த அளவன்று. இழை மாற்றத்தைக் கருதாது, எந்த ஜோடியில் எது எப்பக்கம் போகும் என்பதை மட்டும் எண்ணினாலே 83,88,608 வகைகள் எழுகின்றன.

கருமுட்டை மாதந்தோறும் புதிதாக உண்டாகிறது என்பது இன்னுமோர் அபிப்பிராயம். பெண் சிசு தன் தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே அதன் முட்டையணுக்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கி, ஜோடிகள் தழுவிய நிலையிலேயே நின்றுவிடுகின்றன. பருவமெய்திய பின் மாதந்தோறும் ஒன்று மட்டும் முதற் பிரிவை முடித்து வெளிப்பட, இரண்டாவது பிரிவோ விந்தணு வந்து புகுந்த பின்னரே நிறைவேறுகிறது. நம்மை ஈன்ற கருமுட்டை, நம் அன்னை பாட்டியின் வயிற்றிலிருந்தபோதே இப்பணியைத் தொடங்கிவிட்டது என்று எண்ணுந்தோறும் என் உள்ளம் சிலிர்க்கிறது.

இவை அறியாமையால் வரும் பிழைகள். கண்ணீரை வரவழைக்கும் பிழை வேறொன்றுண்டு. பெண் பிறந்தால் பெற்றவளைப் பழிக்கும் வழக்கம் இன்றும் ஒழிந்தபாடில்லை. பெண்ணின் பால் குரோமோசோம்கள் இரண்டும் எக்ஸ். ஆதலால் முட்டை தருவது என்றும் எக்ஸே. ஆணிடத்தில் எக்ஸும் ஒய்யும் ஜோடியாக நின்று குன்றல் பகுப்பில் பிரிவதால், விந்தணுக்களிற் பாதி எக்ஸும் பாதி ஒய்யும் தாங்குகின்றன. மாப்புழு வண்டின் விந்தணுக்கள் இருவகைப்படுவதையும், அவ்வகைக்கேற்பவே ஆணும் பெண்ணும் உண்டாவதையும் அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார் 1905-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். எந்த விந்தணு முந்தும் என்பது தந்தையின் விருப்பத்திற்கும் கட்டுப்பட்டதன்று. பெண்மகவின் பொருட்டு மருமகள்மீது கடுஞ்சொல் எழும் வீட்டில் வாசகர்கள் இச்செய்தியை எடுத்துரைக்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.