ராக்கெட்டில் யாருக்கு இடம்?

கேளம்பாக்கம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பள்ளி விவாதப் போட்டிக்கு நீ பெயர் கொடுத்திருப்பதாக உன் அம்மா போனில் சொன்னாள். ‘அறிவியல் புனைகதைத் தொடரில் எந்த இனத்துப் பாத்திரத்தை யார் நடித்தால் என்ன?’ என்பது தலைப்பாம், நீ எதிரணியாம். ‘நடிப்பு என்றாலே வேறொருவராக மாறுவதுதானே, அதிலும் இது கற்பனை உலகம்’ என்றுதான் எதிரே பேசுபவர்கள் தொடங்குவார்கள். மறுக்காதே. ஒப்புக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேள்: அந்தச் சுதந்திரம் இதுவரை யாருக்குக் கிடைத்தது?

‘ஸ்டார் ட்ரெக்’கின் பெரிய வில்லன் கான் நூனியன் சிங். 1967-இல் அவன் முதன்முதலில் வந்த கதையிலேயே, வட இந்தியன், அநேகமாகச் சீக்கியன் என்று வசனம் உண்டு. நடித்தவர் மெக்சிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொண்டல்பான். 2013-இல் வந்த படத்தில் அதே கானாக வெள்ளைக்கார பெனடிக்ட் கம்பர்பேட்ச். ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரில் ஐ.நா.வை ஆட்டிவைக்கும் கிரிஸ்ஜென் அவசரளா இந்திய வம்சாவளிப் பெண். நடித்தவர் ஈரானில் பிறந்த ஷோரே அக்தாஷ்லூ. அவர் பிரமாதமாக நடித்திருக்கிறார் என்பதை நீயே முந்திக்கொண்டு சொல்லிவிடு. நம் வழக்கு நடிப்பின் தரத்தைப் பற்றியதல்ல.

எதிரே இருப்பவர் தேவ் பட்டேலை இழுப்பார். 2019 படத்தில் அவர் டேவிட் காப்பர்ஃபீல்டாக நடித்தாரே என்பார். நடித்தார், ஆனால் அது ஊர் ஊராகப் பேசப்பட்டது. இந்தியக் கானாக இந்தியரல்லாதவர் நடிப்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு வழக்கமாக இருந்தது. இந்தியர் ஆங்கிலேயராக நடித்தால் செய்தி. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பேசு.

முகம் சரியாக இருந்தால் போதும் என்றும் சொல்லிவிடாதே. 2006-இல் வந்த ‘ஹீரோஸ்’ தொடரில் சென்னையைச் சேர்ந்த மரபணுப் பேராசிரியர் ஒருவர் வருவார். நடித்தவர் இந்தியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த செந்தில் ராமமூர்த்தி. பாத்திரத்தின் பெயரோ மொஹிந்தர் சுரேஷ்! கேளம்பாக்கத்தில் ஒருவர் அப்படிப் பெயர் சொன்னால், ‘பஞ்சாபா சார்?’ என்றுதான் கேட்பார்கள். அதே செந்தில் 2020-இல் ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில் மோகன் என்ற தமிழ் அப்பாவாக வந்தார். அது விண்வெளிக் கதையல்ல, ஆனாலும் நமக்கு உதவும். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவரான மிண்டி கேலிங்கின் அப்பா தமிழர். மோகனின் மகளாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வானவர். எழுதும் இடத்தில் ஆள் மாறியதும் வீடும் பெயரும் சரியாகிவிட்டன.

‘இதனால் யாருக்கு என்ன லாபம்?’ என்றால் மே ஜெமிசனைச் சொல். 1966-இல் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’கில் உஹுராவாக வந்த கறுப்பின நடிகை நிஷெல் நிக்கல்ஸைச் சிறுமியாக இருந்தபோது பார்த்து ஊக்கம் பெற்றவர் அவர். 1992-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

நடுவர் கெட்டிக்காரராக இருந்தால், ‘உங்கள் ஊர் டிவி எப்படியம்மா?’ என்பார். அதற்கும் பதில் வைத்திரு. சாயங்காலம் இங்கே ஓ.எம்.ஆரில் ஷேர் ஆட்டோ ஏறினால் சிறுசேரி ஐ.டி. பெண், கோவளத்து மீன்கார அம்மா, படூர் கல்லூரிப் பையன், ஒடிசாவிலிருந்து வந்த கொத்தனார் என்று எல்லா நிறமும் இருக்கும். சீரியல் கதாநாயகி மட்டும் பெரும்பாலும் ஒரே நிறம். 2019-இல் தொடங்கிய ‘பாரதி கண்ணம்மா’வில் கதாநாயகி கறுப்பு என்பதே கதை, அங்கும் நடிகையை மேக்கப் போட்டு இன்னும் கறுப்பாக்கினார்கள். ஹாலிவுட்டைக் கேட்கிற கேள்வியைக் கோடம்பாக்கத்தையும் கேட்டால்தான் உன் பேச்சுக்கு மதிப்பு.

யார் எதை நடிக்கலாம் என்று தடை போடச் சொல்லாதே. எல்லோருக்கும் நடிகர் தேர்வு அறையின் கதவைத் திற, எழுதும் மேசையிலும் இடம் கொடு என்று கேள். பரிசு வந்தாலும் வராவிட்டாலும், கேட்க வேண்டியது அதுதான்.

அன்புடன்,
உன் மாமா