கோட்டுக்கு வெளியே கூச்சல் வேண்டாம்

ஞாயிறு காலை. ஒன்பது வயதுப் பையன் காலில் பந்து. "அடிடா!" என்கிறார் அப்பா. "பாஸ் பண்ணு!" என்கிறார் பயிற்சியாளர். அவன் இருவரையும் திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து பறிபோகிறது.

இத்தகைய கூச்சலையும் நடுவர்களைத் திட்டுவதையும் குறைக்கவே இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2008-இல் 'ரெஸ்பெக்ட்' திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து எந்த ஊர்க் கிளப்பும் எடுத்துக்கொள்ளக்கூடியவை சில, அனுபவத்தில் பலன் தருபவை சில:

• எல்லைக்கோட்டுக்குச் சற்றுத் தள்ளிக் கயிறு கட்டுங்கள். பெற்றோர் அதற்குப் பின்னால் நிற்கட்டும்; பயிற்சியாளரும் மாற்று வீரர்களும் எதிர்ப்பக்கம்.

• சீசனுக்கு முன்பே பெற்றோரைக் கூட்டி, நடத்தை விதிகளில் கையெழுத்து வாங்குங்கள்.

• நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம். இங்கிலாந்தில் 14 வயதிலேயே நடுவர் பயிற்சியில் சேரலாம். அங்கே விசிலோடு நிற்பவர் பள்ளி மாணவராகவும் இருக்கலாம். அவரைத் திட்டினால் அடுத்த வாரம் வரமாட்டார்.

• ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு தன்னார்வலரை நியமியுங்கள். குரல் உயர்த்துபவரைத் தனியே அழைத்து, தணிவாகப் பேசுவது அவர் வேலை.

• "அடி", "ஓடு" என்று கட்டளையிடாமல், "நல்ல முயற்சி" என்று கைதட்டுங்கள். எதிரணிக் குழந்தைகளுக்கும்தான்.

• வீடு திரும்பும் வழியில் தவறுகளை அலசாதீர்கள். முதலில் தண்ணீரும் வாழைப்பழமும் கொடுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பிள்ளையே பேச்செடுக்கட்டும்.