தேதியை மட்டும் குறித்தால் போதாது

"நாளைக்கா ரெக்கார்டு சப்மிஷன்?" இரவு பதினோரு மணிக்கு வகுப்பு வாட்ஸாப் குழுவில் யாராவது ஒருவர் கேட்பார். மூன்று வாரம் முன்பே அதே குழுவில் தேதி வந்திருக்கும். பிறந்தநாள் வாழ்த்துக்கும் மீம்களுக்கும் அடியில் அது எங்கோ கிடக்கும்.

குழுவில் தேதி வந்த கையோடு அதைக் கைப்பேசிக் காலண்டரில் ஏற்றிவிடுங்கள். கூகுள் காலண்டர் போதும். காசு கிடையாது, கணினியில் திறந்தாலும் அதே பக்கம்தான். ஆனால் பெரும்பாலோர் 20ஆம் தேதி என்றால் 20ஆம் தேதியில் மட்டும் குறிக்கிறார்கள். அது நாளைக் காட்டும், வேலையைக் காட்டாது. ரெக்கார்டில் எட்டு சோதனைகள் எழுத வேண்டும், ஒன்றுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் மொத்தம் பன்னிரண்டு மணி நேரம். அதை இரண்டிரண்டு மணியாக ஆறு துண்டாக்கி, எந்த நாளில் எந்த நேரத்தில் என்று காலண்டரில் வையுங்கள். வைக்கும்போதுதான் 14ஆம் தேதி இன்டர்னல் தேர்வு இருப்பதும், 17ஆம் தேதி அத்தை மகள் கல்யாணம் இருப்பதும் தெரியவரும். கல்லூரி நேரம், பஸ் பயணம், டியூஷன் எல்லாவற்றையும் வாரந்தோறும் திரும்ப வரும்படி ஏற்றிவிட்டால், மிச்சம் எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று பாருங்கள். பலருக்கு அது அதிர்ச்சியாகவே இருக்கும். நினைவூட்டலை இரண்டு நாள் முன்பே ஒலிக்க வையுங்கள். அரை மணி முன்னால் அடிக்கும் மணி, ரெக்கார்டு எழுத உதவாது.

அன்றாட வேலைப் பட்டியலுக்குக் கூகுள் டாஸ்க்ஸ் இருக்கிறது. அதில் 'கணக்கு' என்று எழுதாதீர்கள். 'தொகை நுண்கணிதம், பயிற்சியில் முதல் பத்துக் கணக்கு' என்று எழுதுங்கள். நாளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம்.

மனப்பாடம் அதிகமுள்ள பாடங்களுக்கு ஆங்கி என்ற செயலியைத் தயங்காமல் சொல்வேன். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று 1885இல் எழுதினார். ஒரு விஷயத்தை மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி கேட்பதுதான் ஆங்கியின் வேலை. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் விலை. தமிழிலும் கேள்வி-பதில் அட்டை எழுதலாம். உயிரியல் பெயர்கள், வேதிச் சமன்பாடுகள், ஆங்கிலச் சொற்கள் இவற்றுக்குப் பொருத்தம். இயற்பியல் தருவிப்புகளுக்குப் பேப்பரும் பேனாவும்தான். ஒரே எச்சரிக்கை: நாளுக்குப் பத்துப் புதிய அட்டைக்கு மேல் போகாதீர்கள். பழைய அட்டைகளும் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் தொடாமல் விட்டால் மலையாகக் குவிந்து, செயலியைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

பொமொடோரோ முறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது இது. பெயருக்கே தக்காளி என்றுதான் பொருள். 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு. இதற்கு ஏன் ஒரு செயலி? கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு மேசைக் கடிகாரத்தைப் பாருங்கள். மாதிரித் தேர்வு எழுதும்போது மட்டும் இந்த முறை வேண்டாம். மூன்று மணி நேரத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்துதான் பழக வேண்டும்.

இன்ஸ்டாகிராமுக்கு நேர வரம்பு வைக்க ஆண்ட்ராய்டிலேயே வசதி உண்டு. பூட்டும் சாவியும் ஒரே கையில் இருப்பதால் எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

நோஷன் போன்ற திட்டமிடல் செயலிகளை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ஏழு நிறத்தில் டைம்டேபிள் போட்டு முடிக்கவே ஒரு சனி, ஞாயிறு போய்விடும். படித்த மாதிரி ஒரு திருப்தி வேறு வந்துவிடும், புத்தகம் திறக்காமலே.

காலண்டர், டாஸ்க்ஸ், ஆங்கி. பருவத் தேர்வு முடியும்வரை இந்த மூன்றுக்கு மேல் எதையும் இறக்காதீர்கள். இன்று இரவு வகுப்புக் குழுவை ஒரு மாதம் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். கண்ணில் படும் தேதிகளைக் காலண்டரில் ஏற்ற கால் மணி நேரம் ஆகும்.