கண்ணும் லேசரும்: முடிவெடுக்கும் முன் அறியவேண்டியவை

"லேசர்" என்ற சொல் இன்று எமது கிராமங்களில் தாராளமாகப் புழங்குகிறது. கிளினிக்கிற்குப் போய்வந்த முதியவர், "எனக்கும் லேசர் அடிக்க வேணுமாம்" என்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை, "லேசர் செய்தால் கண்ணாடி போடத் தேவையில்லையாம்" என்கிறது. இருவர் வாயிலும் ஒரே சொல்தான். ஆனால் காரியம் வேறு. முதியவருக்கு அது பார்வையைக் காப்பாற்றும் வைத்தியம். பிள்ளைக்கு அது விரும்பினால் செய்யலாம், விட்டாலும் கண் கெடாது என்ற வகையைச் சேர்ந்தது. இந்த வேறுபாட்டை அறியாத ஒரு குடும்பம் முதியவரின் சிகிச்சையைப் பின்போட்டுவிட்டு, பிள்ளையின் சிகிச்சைக்காக நகையை அடைவு வைக்குமானால் அது மீட்க முடியாத நட்டமாகிவிடும்.

ஆகவே முதலில் லேசர்களைப் பிரித்தறிவோம். சலரோகம் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும்போது, மேலும் பழுதாகாமல் தடுக்க லேசர் பாய்ச்சுவார்கள். கண்ணின் உள்ளழுத்தம் கூடும் நோய்க்கும் ஒருவகை லேசர் உண்டு. கண்புரை சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்தவர்களுக்குச் சில மாதங்களிலோ வருடங்களிலோ வில்லையைத் தாங்கும் படலம் மங்கிவிடுவதுண்டு. அதில் சிறு வாசல் திறப்பதும் லேசரே. இவை எதுவும் கண்ணாடியைக் கழற்றுவதற்கானவை அல்ல. வைத்தியர் திகதி குறித்துத் தந்தால், அறுவடையோ கலியாணமோ எதுவந்தாலும் அந்தத் திகதியைத் தவறவிடக் கூடாது. கண்புரை வேறு விடயம். அது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்குவது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் புதிய வில்லை வைப்பதே அதற்கு வழி. கண்ணாடியைக் கழற்றும் லேசரால் கண்புரை போகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் போன்ற அரச வைத்தியசாலைகளின் கண் பிரிவுகளில் இச்சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வில்லை அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிப் பிள்ளை கேட்கும் லேசருக்கு வருவோம்.

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடி போல வளைந்து, தெளிவாக இருக்கும் தோல்தான் விழிவெண்படலம். கண்தானத்தில் ஒருவர் கண்ணிலிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது பெரும்பாலும் இதனையே. வெளியிலிருந்து வரும் ஒளியை வளைப்பதில் பெரும் பங்கு இந்தப் படலத்துக்குரியது. கண் சற்று நீண்டிருந்தாலோ, படலத்தின் வளைவு அதிகமாக இருந்தாலோ ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அப்போது தூரத்தில் வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாது, கையிலிருக்கும் புத்தகம் நன்றாகத் தெரியும். இதுவே குறும்பார்வை. கண்ணாடி ஒளியைத் திருத்தி உள்ளே அனுப்புகிறது. லேசரோ படலத்தையே செதுக்கி அதன் வளைவைத் திருத்துகிறது. லேசர் செய்வது இவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் குறைக்கு அது உதவும், எதற்கு உதவாது என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

இதற்குப் பயன்படும் எக்சைமர் லேசர் சூட்டினால் வெட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் ஒவ்வொரு துடிப்பிலும் மிகமிக மெல்லிய ஒரு படையை நீக்குகிறது. பக்கத்திலுள்ள தசை கருகுவதில்லை. இந்தக் கதிர் உயிருள்ளவற்றின் தசையைச் சுத்தமாகச் செதுக்கும் என்பதை 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர், சென்னையில் பிறந்து அங்கேயே படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் வைத்தே அவர்கள் முதலில் சோதித்தார்கள். மிச்சச் சாப்பாட்டிலும் இப்படி ஒரு பயன் இருந்திருக்கிறது! 1983இல் நியூயோர்க் கண் வைத்தியர் ஸ்டீபன் ட்ரோக்கெல் அவர்களோடு சேர்ந்து அதனை விழிவெண்படலத்தில் பரீட்சித்தார்.

எவருக்குப் பொருந்தும்?

பதினெட்டு வயதுக்குக் கீழ் இதனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இருபத்தொன்று வரை பொறுப்பது இன்னும் நல்லது. வளரும் கண்ணின் குறை வருடாவருடம் மாறும். இன்று செதுக்கினால் நாளை மறுபடியும் கண்ணாடி வரும். கடந்த ஒரு வருடமாவது கண்ணாடியின் இலக்கம் மாறாமல் இருந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பொறுத்திருக்க வேண்டும். கட்டுப்படாத சலரோகம், மூட்டுவாதம் போன்று உடல் தன்னையே தாக்கும் நோய்கள், கடுமையான கண் வரட்சி உள்ளவர்களுக்கு இது உகந்ததல்ல. விழிவெண்படலம் மெலிந்து கூம்பு போல் முன்தள்ளும் நோய் ஒன்று உண்டு. அது உள்ளவர்களுக்கு இந்தச் சிகிச்சை செய்தால் கண் மேலும் கெடும். ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கமுள்ள இளையோரிடம் இந்நோய் கூடுதலாகக் காணப்படுவதால், படலத்தின் வடிவத்தைப் படமெடுத்துப் பார்க்காமல் எவரும் சிகிச்சைக்குச் சம்மதிக்கக் கூடாது.

தடிப்பும் முக்கியம். படலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றரை 1000 பங்காக்கினால் பலருக்கு 540 பங்களவில் இருக்கும். குறும்பார்வை இலக்கம் 6 உள்ள ஒருவருக்கு 80 முதல் 90 பங்கு வரை செதுக்க வேண்டிவரலாம். மேலே மடலாக வெட்டித் திறக்கும் பகுதி ஏறத்தாழ 110 பங்கு. இவை போக அடியில் 250 முதல் 300 பங்காவது பாதிப்பின்றி மிஞ்ச வேண்டும் என்பது வைத்தியர்களின் கணக்கு. ஆகவே இலக்கம் கூடி, படலம் மெலிந்திருப்பவரிடம் "உமக்குச் செய்ய முடியாது" என்று ஒரு வைத்தியர் சொன்னால் அவர் நேர்மையானவர் என்று கொள்ளுங்கள். "செய்யலாம்" என்று சொல்லும் இன்னொருவரைத் தேடி அலைய வேண்டாம்.

நாற்பது வயதைக் கடந்த கமக்காரர் பலர், கிருமிநாசினிப் போத்தலில் உள்ள சிறிய எழுத்தை வாசிக்க முடியவில்லை, ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்கிறார்கள். இது வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ளிருக்கும் வில்லை இறுகுவதால் வருவது. மலிவான வாசிப்புக் கண்ணாடி ஒன்றே இதற்குப் போதும். குறும்பார்வை உள்ள நாற்பத்தைந்து வயதுக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் வாசிப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர் லேசர் செய்துகொண்டால் தூரம் தெரியும். ஆனால் பேப்பர் வாசிக்கக் கண்ணாடி தேவைப்படும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்குவதுபோலத்தான்.

சிறுவயதிலேயே ஒரு கண் மங்கி, கண்ணாடி போடாமல் விடப்பட்டால் மூளை அந்தக் கண்ணைப் பாவிக்கப் பழகாமல் போய்விடும். வளர்ந்தபின் லேசர் செய்தாலும் அந்தப் பார்வை திரும்பாது. இடப்பெயர்வுகளால் பாடசாலைக் கண் பரிசோதனை தவறிப்போன பிள்ளைகள் எம்மிடையே பலர். இன்று உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை இருந்தால், ஒரு கண்ணைக் கையால் பொத்தி மற்றக் கண்ணால் சுவர் நாட்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண்ணையும் அப்படியே பாருங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருந்தால் தாமதியாமல் கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள்.

செய்வதா, விடுவதா?

கண்ணாடி எமது மக்களுக்கு ஒரு சுமை என்பதை நாம் மறுக்கவில்லை. வியர்வையில் வழுக்கும், மருந்தடிக்கும்போது புகார் படியும், ஓட்டத்தில் விழுந்துவிட்டால் வழியே தெரியாது. பலமுறை ஓடியவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கண்ணாடி போட்ட பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரும் இருக்கிறார்கள். எமது எண்ணத்தில், அப்படிச் சொல்லும் வீட்டாருக்காகப் பெண்ணின் கண்ணில் கைவைப்பது வீண்.

ஆனால் கணக்கையும் பாருங்கள். இந்தச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைகளில் பணம் செலுத்திச் செய்வது. கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். பரிசோதனைக்கு ஒரு பயணம், சிகிச்சைக்கு ஒன்று, பின்பார்வைக்குப் பல என்று கொழும்புக்குப் போய்வரும் செலவும், கூடப்போகும் ஒருவரின் நாட்கூலியும் இருக்கின்றன. "பரிசோதனை, மருந்து, பின்பார்வை, தேவைப்பட்டால் இரண்டாம் முறை செதுக்குதல் ஆகியவை கட்டணத்துள் அடங்குமா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கையில் மிச்சமிருக்கும் பணத்தில் செய்வதை நாம் தடுக்கவில்லை. வட்டிக்கு வாங்கியோ, காணியை ஈடு வைத்தோ செய்யவேண்டிய அவசரம் இதில் எள்ளளவும் இல்லை. குறும்பார்வை இவ்வருடம் இருந்தது போலவே அடுத்த வருடமும் இருக்கும். படலமும் அங்கேயே இருக்கும்.

பெரும்பாலானோர் சிகிச்சைக்குப்பின் கண்ணாடியின்றி நன்றாகப் பார்க்கிறார்கள். சிலருக்குச் சிறிய இலக்கம் மிஞ்சும். சிலருக்கு இரவில் வாகன விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியும், கண் வரளும். பல மாதங்களில் குறைந்துவிடும், ஓரிருவருக்கு நிலைத்துவிடும். இரவில் உழவு இயந்திரம் ஓட்டுபவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இரண்டு முறைகளும் வயல் வேலையும்

லாசிக் என்ற முறையில் படலத்தின் மேற்பகுதியைப் புத்தக அட்டை போல ஒருபுறம் ஒட்டியிருக்க வெட்டித் திறந்து, உள்ளே செதுக்கி, மீண்டும் மூடிவிடுவார்கள். தையல் இல்லை. மறுநாளே பார்வை தெளியும். பி.ஆர்.கே. என்ற பழைய முறையில் மடல் இல்லை. மேற்தோலை மட்டும் நீக்கிச் செதுக்கி, தோல் வளரும் வரை கட்டுப்போல ஒரு கொன்டாக்ட் லென்ஸ் வைப்பார்கள். மூன்று, நான்கு நாட்கள் நோவும் கண்ணீரும் இருக்கும். பார்வை முழுமையாகத் தெளியச் சில வாரங்கள் செல்லும். மடலின்றிச் சிறு துளை வழியே உள்ளிருந்து ஒரு துண்டை எடுக்கும் புதிய முறையும் உண்டு.

நகரத்து அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு லாசிக் வசதி. கமக்காரருக்கு அப்படியென்று சொல்லிவிட முடியாது. லாசிக்கில் வெட்டிய மடல் ஒருபோதும் பழைய உறுதியோடு ஒட்டுவதில்லை. மாட்டின் கொம்போ வாலோ, கிளுவைத் தடியோ, கருக்கு மட்டையோ கண்ணில் பட்டால் வருடங்கள் சென்ற பின்னும் அது விலகக்கூடும். ஆகவே வைத்தியரிடம் முதலிலேயே "நான் வயலில் வேலை செய்பவன்" என்று சொல்லுங்கள். மடலில்லாத முறை உங்களுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். இன்னொன்றையும் மறக்கவேண்டாம்: இதுவரை உங்கள் மூக்குக் கண்ணாடி கண்ணுக்கு ஒரு வேலியாகவும் இருந்தது. அதைக் கழற்றிய பின் புல்வெட்டும்போதும் சூடடிக்கும்போதும் காப்புக் கண்ணாடி போடவேண்டும்.

காலத்தையும் தெரிவுசெய்யுங்கள். சூட்டுத் தூசும், குளத்து நீரும், மருந்துப் புகாரும் ஆறாத கண்ணுக்கு ஆகாதவை. நெல் உமியும் வைக்கோலும் பட்ட கண்ணில் பூஞ்சணம் பற்றினால் குணமாவது கடினம். பெரும்போக அறுவடை முடிந்து, நெல் வீடுவந்து சேர்ந்தபின் செய்யுங்கள். ஒரு மாதமாவது வயல் வேலையை மற்றவர் பார்க்கட்டும். பி.ஆர்.கே. செய்தவர் பல மாதங்களுக்கு வெயிலில் கறுப்புக் கண்ணாடி அணிய வேண்டும். கடும் வெயில் படலத்தில் மங்கலை உண்டாக்கலாம்.

கொன்டாக்ட் லென்ஸ் பாவிப்பவர்கள், மென்மையானதாயின் பரிசோதனைக்கு ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு முன்பும், கடினமானதாயின் இன்னும் முன்பும் அதனைக் கழற்றிவிட வேண்டும். சிகிச்சையன்று ஊசி இல்லை. கண்ணை மரக்கச் செய்யும் துளிகள் மட்டுமே. நீங்கள் விழித்திருப்பீர்கள். ஒரு சிறு வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வார்கள். மடல் வெட்டும்போது கண்ணை அழுத்திப் பிடிப்பதால் சில வினாடிகள் இருண்டுபோகலாம்; அஞ்ச வேண்டாம். மயிர் கருகுவது போன்ற மணமும் வரும். லேசர் செதுக்கும் நேரம் ஒரு கண்ணுக்குப் பொதுவாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மறுநாள் காட்டவேண்டியிருப்பதால் அன்றிரவே பஸ் ஏறாமல் அங்கேயே தங்குங்கள். தூக்கத்தில் கை படாதிருக்கக் கண்மூடி தருவார்கள், அதனை ஒழுங்காகக் கட்டுங்கள்.

துளி மருந்தைச் சொன்ன நாட்களுக்கு மட்டும் விடுங்கள். அதில் ஒன்று ஸ்டீரொயிட் வகை. நன்றாயிருக்கிறதே என்று பாமசியில் தொடர்ந்து வாங்கி விட்டால் கண்ணழுத்தம் கூடி, நோவின்றியே பார்வை போகும். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். நோவு குறையாமல் கூடினால், வெளிச்சம் பார்க்கக் கூசினால், சீழ் வந்தால், தெளிந்த பார்வை மறுபடி மங்கினால் அன்றைக்கே அருகிலுள்ள கண் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக, கடதாசிகள். லேசர் செய்த கண்ணில் அழுத்தத்தை அளந்தால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டலாம். முதுமையில் கண்புரை வந்து வில்லை வைக்கும்போது அதன் இலக்கத்தைக் கணிப்பதும் பிழைக்கலாம். பழைய இலக்கம், படலத்தின் அளவுகள், செய்த முறை, திகதி ஆகியவை எழுதிய துண்டு இருந்தால் வைத்தியருக்கு இது இலகு. நீண்ட கண்ணின் விழித்திரை லேசரால் மாறுவதில்லை. மின்னல் போல ஒளி வெட்டினாலோ, திரை விழுவதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ உடனே காட்டும்போதும் அதே துண்டு உதவும். அதன் பிரதி ஒன்றை அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். மற்றொரு பிரதியை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்து வையுங்கள்.