நரிக்கு பிஸ்கட் எதற்கு, பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

நீ அனுப்பிய வீடியோவை உன் பெரியம்மாவும் பார்த்தாள். ஹாஸ்டல் சுவர் ஓரம் உட்கார்ந்து நீ பிஸ்கட் நீட்டுகிறாய், நரி தயங்கித் தயங்கி வந்து வாங்கிக்கொண்டு ஓடுகிறது. "கையிலேயா கொடுக்கிறாள்?" என்று இரண்டு தரம் கேட்டாள். போனில் சொன்னால் "சரி பெரியப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நீ பார்த்தது வங்காநரி. நுனி கறுத்த அந்த வாலும், பூனையை விடச் சற்றே பெரிய உடம்பும் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. மொத்தம் இரண்டு மூன்று கிலோ தேறும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் ராத்திரியில் கூட்டமாக ஊளையிடுவது வேறு நரி. அது எட்டுப் பத்து கிலோ இருக்கும், காட்டோரத்தில் திரியும். வங்காநரிக்கு அடர்ந்த காடு ஆகாது. புல்லும் முள்ளுமாகக் கிடக்கிற மேட்டு நிலமும் கேழ்வரகு அறுத்த வயலும்தான் அதற்கு வேண்டும். அங்கே ஒரே வளைக்குப் பல வாசல் வைத்துத் தோண்டிக் குடியிருக்கும். கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை வரை அப்படிப்பட்ட நிலம் நிறைய இருந்தது. உங்கள் ஹாஸ்டல் நிற்கிற மேடும் அதில் ஒன்று. ஆகவே வழிதவறி வந்த ஜீவன் என்று நீ பரிதாபப்பட வேண்டாம்.

பட்டினி என்றும் நினைக்காதே. எலி, வெட்டுக்கிளி, வண்டு, மழை விட்டதும் கிளம்பும் ஈசல், இலந்தைப்பழம் என்று அதற்குப் பந்தி பெரியது. தக்காளித் தோட்டக்காரர்களைக் கேட்டுப் பார், எலி தின்கிற பிராணியை யாரும் பகையாக நினைக்க மாட்டார்கள். கோழிக்குஞ்சு காணாமல் போன வீட்டில் மட்டும் கேட்டுவிடாதே.

பயப்படவும் வேண்டியதில்லை. நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் போனால் சரி என்பார்கள். எதிரே வந்தால் நீ நின்றுவிடு, அதுவே விலகிப் போகும். மாசி, பங்குனியில் குட்டிகளோடு இருக்கும்; வளை கண்ணில் பட்டால் கிட்டப் போகாதே.

என் கவலை அந்த பிஸ்கட் பற்றித்தான். அதன் வாசனைக்கு நரி மட்டுமா வரும்? உங்கள் மெஸ்ஸுக்குப் பின்னால் கொட்டுகிற சோற்றுக்கே ஒரு நாய்ப் படை இருக்கிறது. பெங்களூரு ஏட்ரீ நிறுவனத்தின் ஆய்வாளர் அபி தமீம் வனக், மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர் அருகே நன்னஜ் புல்வெளியில் இதே வங்காநரிகளைப் பல காலம் கவனித்தவர். நாய் பக்கத்தில் இருந்தால், முன்னால் தீனி இருந்தும் நரி சரியாகத் தின்பதில்லை என்று அவருடைய ஆய்வு காட்டியது. நாய்கள் துரத்திக் கொல்வதும் உண்டு. நாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற நோயும் நரிக்குத் தொற்றும். 2024-ல் மும்பை செம்பூர் பக்கம் செத்துக் கிடந்த நரிகளைச் சோதித்தபோது வெறிநோய் இருந்தது தெரிந்தது. நரியைப் பரியாக்கியது மதுரையில் சிவபெருமான் செய்த வேலை. நீ அதை நாயாக்கப் பார்க்கிறாய்.

இன்னொன்று, அந்த வீடியோவை இன்ஸ்டாவில் இடம் தெரியும்படி போட்டிருக்கிறாய். உடனே எடுத்துவிடு. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பதைக் கேட்டிருப்பாய். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் அந்த நம்பிக்கைக்காகவே பொங்கலை ஒட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து, கயிறு கட்டி, கூட்டத்துக்கு நடுவே ஓடவிடுவார்கள். நரி ஜல்லிக்கட்டு என்று பெயர். வனத்துறை தடுத்தும் அபராதம் போட்டும் பார்க்கிறது. நரிக்கொம்பு வியாபாரம் இன்னும் மோசம். நரிக்குக் கொம்பே கிடையாது! ஆனாலும் குங்குமத்தில் புதைத்து, பணம் கொட்டும் என்று சொல்லி விற்கிறார்கள், படித்தவர்களும் வாங்குகிறார்கள். 2021 ஜனவரியில் திருச்சி ஜீயபுரம் பக்கம் இறைச்சிக்குள் வெடியை வைத்து ஒரு நரியைக் கொன்றதற்காகப் பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு வழி காட்ட உன் வீடியோ ஒன்று போதும். வனவிலங்குச் சட்டத்தில் 2022-ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு நரி இனங்கள் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வேட்டையாடினால் மூன்று வருஷம் முதல் ஏழு வருஷம் வரை சிறை.

சென்னையில் கிண்டி காட்டுக்குள் நரி இருக்கிறது. லண்டனில் குப்பைத் தொட்டியைக் கிளறும் செந்நரியைக் கண்டு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். நகரத்தோடு ஒட்டி வாழ நரிகளுக்குத் தெரியும். உன் பங்குக்கு அந்த ஹாஸ்டல் நரியைக் கண்டும் காணாமல் இரு, போதும்.

ஏற்கெனவே நரியின் பல் பட்டிருந்தால், சின்னக் கீறலாக இருந்தாலும், மறைக்காதே. குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவு. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. வெறிநோய் ஊசியை இடையில் விடாமல் எல்லாத் தவணையும் போட்டு முடி. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதே. உன் பெரியம்மா சொன்னாலும் வைக்காதே.

வார்டன் அம்மாவிடம் மெஸ் குப்பைக்கு மூடி போட்ட தொட்டி வேண்டும் என்று நாலு பெண்களாகப் போய்க் கேளுங்கள். ஊராட்சியில் நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போடச் சொல்லி நான் மனு எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது உன் தோழிகளிடமும் கையெழுத்து வாங்கி வா.

அன்புடன்,
பெரியப்பா